எவருடைய வற்புறுத்தலும் இன்றி

ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் பத்திரப் பதிவு ஆபீஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. காலை வணக்கம், மாற்றல் உத்தரவு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் வராது. போன தை மாதம் பிரவீன் அதில் ஒரு கேள்வி போட்டிருந்தார். நான் கடைசியாக வேலை பார்த்த ஆபீஸில் இப்போது அவர்தான் சார்பதிவாளர். வயதில் என் மகனைவிடச் சின்னவர். பத்திரங்களுக்குத் தமிழில் மாதிரிப் படிவம் தயார் செய்கிறாராம். பழைய இங்கிலீஷ் பத்திரங்களில் ‘கோயர்ஷன்’ என்று ஒரு வார்த்தை வருகிறதே, அதற்கு வற்புறுத்தல் என்று போட்டால் போதுமா, பலவந்தம் என்று போடுவதா, நிர்ப்பந்தம் சரியாக வருமா, சீனியர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக விழுந்தனவே தவிர ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. நான் மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் அழித்தேன். “என்னத்தையுங்க அப்படி அடிச்சு அடிச்சு அழிக்கறீங்க?” என்று என் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதத்தைத்தான் கட்டைவிரல் படங்களுக்கு நடுவில் எழுத முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது நகல் எழுதுபவனாக. அப்போதெல்லாம் பதிவாகிற ஒவ்வொரு பத்திரத்தையும் வார்த்தை மாறாமல் பெரிய புத்தகத்தில் கையால் எழுத வேண்டும். எழுதியதும் ஒருத்தர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருத்தர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்படியே ஏழெட்டு வருடம் போயிற்று. எந்தப் பத்திரமானாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்து நிற்கும்: ‘எவருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி, முழு மனதுடனும் சுயநினைவுடனும்...’ ஒப்பிட்டுப் படிக்கும்போது அந்த வரி வந்தால் மட்டும் படிப்பவர் ‘வழக்கம்போல’ என்று சொல்லித் தாண்டிவிடுவார். விரல் வைத்திருப்பவரும் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

துறைத் தேர்வுக்குப் படித்தபோது கோயர்ஷனுக்கு விளக்கம் உருப்போட்டேன். சட்டம் தடுத்திருக்கிற ஒரு காரியத்தைச் செய்வது, அல்லது செய்வேன் என்று மிரட்டுவது. எழுதினேன், பாஸானேன், அதோடு சரி. என் மனதில் இருந்த படமெல்லாம் கத்தி, அடியாள், பூட்டின அறை. நம்ம ஊர்ப் பக்கம் அண்ணன் தங்கைக்குள் அதெல்லாம் ஏது என்ற நினைப்பு.

அண்ணன் தங்கை என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆபீஸுக்கு அதிகம் வந்தது விடுதலைப் பத்திரம்தான். அப்பன் எதுவும் எழுதி வைக்காமல் போன தோட்டத்தில் பெண்பிள்ளைக்கு உள்ள பங்கைக் கூடப் பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது. நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, காலத்துக்கும் சீர் செய்கிறோம், அப்புறம் பங்கு எதற்கு என்பது இங்கே பேச்சு. நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார்கள், அண்ணன் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடிப்பார்கள், பெருவிரலில் மை தடவிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். யார் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

என் தங்கை ருக்குமணியும் அப்படித்தான் வந்தாள். அன்றைக்கு எப்படி நினைத்தேனோ அப்படியே சொல்கிறேன்.

என்னைவிட ஆறு வயது சின்னவள். சிங்காநல்லூரில் மில் வேலைக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அன்னூர்ப் பக்கம் அப்பாவின் நாலு ஏக்கர் தோட்டம் எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் வந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் இல்லை. தோட்டத்தில் போர்வெல் போட லோனுக்குப் போனபோது தங்கச்சியிடம் விடுதலை வாங்கிவிட்டால் சுலபம் என்று பேங்க்கில் சொன்னார்கள். அந்தச் சமயம் அவள் மகள் வயசுக்கு வந்து தெரட்டிக்கு நாள் குறித்திருந்தார்கள். தெரட்டி என்றால் பெண்பிள்ளை சடங்கானதற்குச் செய்கிற விசேஷம். தாய்மாமன் தட்டு வரிசை கொண்டுவந்து, சேலை கொடுத்து, மாலை போட்டால்தான் அது விசேஷம். தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

முறைப்படி என்னை அழைக்க வெற்றிலை பாக்கோடு வந்தாள். தட்டை வாங்கிக்கொண்டே, “அப்படியே அந்தக் கையெழுத்தையும் போட்டுக் குடுத்துடு அம்மணி. எப்பப் போட்டா என்ன?” என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். அவள் ஒரு நொடி வெற்றிலையைப் பார்த்தாள். “சரிங்ணா,” என்றாள்.

ஆபீஸில் அது ஸ்டாஃப் வீட்டுப் பத்திரம். ஸ்டாஃப் வீட்டுப் பத்திரம் என்றால் வரிசை கிடையாது, காத்திருப்பது கிடையாது, கேள்வியும் கிடையாது. அப்போதிருந்த அதிகாரி இரண்டு பத்திரங்களுக்கு நடுவே பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். ருக்கு என் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரலிலிருந்த மையை நானே பஞ்சால் துடைத்துவிட்டேன். காந்திபுரத்தில் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். பத்து நாள் கழித்து, அந்தத் தெருவே பார்க்கும்படி மேளத்தோடு சீர் கொண்டுபோனேன். அண்ணன்னா இப்படி இருக்கோணும் என்று அவள் மாமியார் வாயாலேயே சொல்ல வைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஹசீனா மேடம் எங்கள் ஆபீஸுக்குச் சார்பதிவாளராக வந்தார். பழைய கோயம்புத்தூர்க்காரர், அப்பாவுக்குத் தையல் கடை. நேரடியாகப் பரீட்சை எழுதி வந்தவர், முப்பது வயது இருக்காது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இந்தப் பொண்ணுக்குக் கீழேயா என்று முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் பெண்கள் எழுதிக் கொடுக்கிற பத்திரம் வந்தால் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கூட வந்த அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிடுவார். நான் மட்டும் கதவோரம் நிற்க வேண்டும். அந்தம்மாவை உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்துவார். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார். அது எதற்கு மேடம் என்று ஒருநாள் கேட்டேன். “அவங்க குரல் எப்படின்னு தெரியணுமில்லீங்க? அப்பத்தானே அடுத்த கேள்விக்கு அது மாறுதான்னு பாக்க முடியும்,” என்றார்.

இரண்டாவதாக, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வார். மூன்றாவதாக, “இன்னைக்கே எதுக்குங்கம்மா?” என்று கேட்பார். இந்த மூன்றாவது கேள்வி எந்த விதியிலும் கிடையாது. வெளியே டோக்கன்காரர்கள் முணுமுணுப்பார்கள், பத்திர எழுத்தர்கள் என்னிடம் வந்து புலம்புவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து புலம்பினவன்தான்.

அந்த வருடம் வைகாசியில் தெய்வானை என்ற அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் வேலை செய்த கை. கூட அவர் தம்பிகள் இரண்டு பேர், இரண்டு சாட்சி. விடுதலைப் பத்திரம். மேடம் எல்லாரையும் வெளியே அனுப்பினார், தண்ணீரை நகர்த்தினார், என்ன சாப்பிட்டீர்கள் என்றார். ராகிக் களி என்று நல்ல குரலில் பதில் வந்தது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றதும், பொறந்தவனுக்கு எழுதிக் கொடுப்பது என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனை ஏக்கர், எந்த சர்வே நம்பர், எதுவும் தெரியவில்லை.

“இன்னைக்கே எதுக்குங்கம்மா?” என்றார் மேடம்.

அந்தம்மா கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. “நாளான்னிக்கு பையனுக்குக் கல்யாணமுங்க. தாய்மாமன் சீரு வரோணுமுங்க,” என்றார்.

“கையெழுத்துப் போடலைன்னா வரமாட்டோம்னு சொன்னாங்களா?”

“சொல்லலீங்க.” டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சொல்லோணுமாங்க?”

மேடம் பத்திரத்தை மூடி வைத்தார். அப்புறம் மெதுவாக எடுத்துச் சொன்னார். இது கெட்டுப்போகிற சாமான் இல்லை, எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவந்தால் போதும். கல்யாணத்தை முடியுங்கள். வீட்டில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறமும் கொடுக்கத் தோன்றினால் வாருங்கள், நானே பதிவு செய்கிறேன். அந்தம்மா பயந்துபோய், வெளியில் என்னவென்று சொல்வது என்று கேட்டார். “நான் திருப்பி அனுப்பிட்டேன்னு சொல்லுங்க. பழிய எம்மேல போட்டுருங்க,” என்றார் மேடம். கதவைத் திறந்து தம்பிகளிடமும் அதைத்தான் சொன்னார். உங்க அக்கா பத்திரத்தைப் படிக்கலை, படிச்சுட்டு வரட்டும், நாலு மாசம் இருக்கு.

மூத்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார். “ஏனுங்ணா, நம்மாளு நீங்க உள்ள இருந்துமா இப்படி?” என்றார். எனக்கு அது உறைத்தது. மேடத்திடம் போய் அவருக்காக வாதாடினேன். இதெல்லாம் இங்கே வழக்கம், யாரும் யாரையும் மிரட்டவில்லை, சீர் கொண்டுபோகாமல் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, அதனால் இதைக் கோயர்ஷன் என்றே சொல்ல முடியாது என்று பரீட்சையில் எழுதியதை ஒப்பித்தேன்.

மேடம் முழுவதும் கேட்டுக்கொண்டார். “நீங்க சொல்றது சரிதாங்க. சட்டப்படி இது கோயர்ஷன் இல்ல. நானும் ரெஃப்யூஸ் பண்ணல, திரும்பி வந்தா பதிஞ்சுதான் ஆகணும்,” என்றார். “அவங்க தம்பிக கேட்டதுல ஒண்ணும் தப்பில்லீங்க. கேட்ட நாளப் பாருங்க, அது போதும்.”

என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. என் தங்கை விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் நான் என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். வெற்றிலை பாக்குத் தட்டு, அடுத்த நாள் கையெழுத்து, பத்தாம் நாள் தெரட்டி. லோனுக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை, போர் போட்டதே அடுத்த மாசியில்தான். அப்படியானால் அந்த நாளை யார் பார்த்துக் குறித்தது? அவள் இல்லை என்று சொல்ல முடியாத நாளாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது எனக்கே அது தெரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். இப்போது எழுதும்போது அதையும் எழுதிவிடுகிறேன்.

தெய்வானையம்மா வீட்டுக் கல்யாணத்தன்று காலையில் மேடத்துக்கு வேலையே ஓடவில்லை. பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு, “இன்னைக்குத்தானுங்களே? மாமனுங்க போயிருப்பாங்கல்ல?” என்றார். போயிருப்பார்கள் மேடம், ஊர் சிரிக்குமே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “நான் பண்ணது தப்பாப் போயிருச்சுன்னா அந்தம்மாதானே தாங்கணும்,” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் அவரைப் பொண்ணு என்று நினைத்ததில்லை.

நாலு மாதத்தில் பாதி போனது. மூன்றாம் மாதமும் போனது. ஆவணி முடிகிற சமயம் ஒருநாள் மத்தியானம் தெய்வானையம்மா அதே பத்திரத்தோடு வந்தார். தம்பிகள் வெளியே புங்க மரத்தடியில் நின்றார்கள். யாரும் சொல்லாமலே அங்கே நின்றுவிட்டார்கள். கல்யாணத்துக்குச் சீர் வந்ததா என்றுதான் மேடம் முதலில் கேட்டார். வந்ததாம், குறை வைக்கவில்லையாம். அப்புறம் யாரும் கேட்காமலேயே அந்தம்மா சர்வே நம்பரை ஒப்பித்தார், மருமகள் படித்துக் காட்டினாளாம். சின்னவன் அரை ஏக்கர் வைத்துக்கொள் என்றுகூடச் சொன்னானாம், வேண்டாம் என்றுவிட்டாராம்.

“இன்னைக்கே எதுக்குங்கம்மா?” என்றார் மேடம், சிரித்துக்கொண்டே.

“தக்காளி எடுத்து முடிஞ்சுதுங்க. இன்னிக்குத்தான் ஒழிஞ்சுது, வந்துட்டனுங்க.”

அதே பத்திரம், அதே கையெழுத்து, அதே வரி. மேடம் பதிந்து முத்திரை வைத்தார். அந்தம்மா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற தம்பியை, “ஏண்டா, டீ வாங்கித் தரமாட்டயா?” என்று அதட்டியது உள்ளே எனக்குக் கேட்டது. எனக்கு எழுதிக் கொடுத்த அன்றைக்கு ருக்கு என்னை எதற்கும் அதட்டவில்லை. மைசூர்பாகு பொட்டணத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள்.

மேடம் மாற்றலாகிப் போனார். நான் அவருடைய மூன்று கேள்விகளையும் என்னால் ஆன இடத்தில் கேட்டேன். என் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. பொங்கலுக்கு, தீபாவளிக்கு, அவள் மகள் கல்யாணத்துக்கு என்று போனேன், வந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குக் கேட்கலாம் என்று போய், அடுத்த தடவை கேட்கலாம் என்று வந்தேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. இத்தனை வருடம் கழித்து பிரவீன் எதையோ கேட்கப் போக, என்னால் சும்மா உட்கார முடியவில்லை. மறுநாளே சிங்காநல்லூர் பஸ் ஏறினேன்.

ருக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு அந்தக் கையெழுத்த மனசாரத்தான் போட்டயா அம்மணி?”

“ஆமாங்ணா,” என்றாள் உடனே. ஒரு கொத்தை உருவி முடித்தாள். அடுத்த கொத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். “நீங்க முன்னால உக்காந்துட்டுக் கேட்டா, நான் வேற என்னத்தச் சொல்லுவனுங்?”

கோபமே இல்லை அவள் குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேடம் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தானே கேட்பார். வெளியே போகவேண்டிய ஆள் நான்தான். எழுந்து செருப்பை மாட்டினேன். நான் இல்லாதபோது யோசி, அந்தத் தோட்டத்தில் உனக்கு என்ன வேண்டுமோ அதைப் போனில் சொல், எதுவும் வேண்டாமென்றாலும் சொல், எத்தனை நாளானாலும் சரி என்றேன். “சோறு உண்டுட்டுப் போங்ணா,” என்று வாசல் வரை வந்தாள். உண்டால் இன்னும் ஒரு மணி நேரம் அவள் முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பசியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

நாலு நாள் போன் வரவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டால்கூடப் பரவாயில்லை, வேண்டாமுங்ணா என்று மட்டும் சொல்லிவிடக்கூடாதே என்று இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அழைத்தாள்.

“ரோட்டோரத்துல ஒரு ஏக்கரா குடுங்ணா. கெணத்து மேட்டுப் பக்கம் எனக்கு வேண்டா. ரோட்டோரந்தான் ஓணும்.”

ரோடு அகலமான பிறகு தோட்டத்திலேயே மதிப்புள்ள இடம் அந்த ரோட்டோரம்தான். பாதி உன்னுடையது, இரண்டு ஏக்கராகவே எடுத்துக்கொள் என்றேன். “எனக்கு ஒண்ணுதான் ஓணுமுங். ஓணுங்கறதக் கேக்கச் சொன்னீங்க, கேட்டுப்போட்டேன்,” என்றாள். போனை வைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “உங்க தங்கச்சி வெவரந்தான்,” என்றாள் என் வீட்டுக்காரி. அப்புறம் அவளும் சிரித்தாள். ருக்கு பிறந்ததிலிருந்து என்னிடம் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பிரவீனை அன்றைக்கே கூப்பிட்டேன். எந்த வார்த்தையை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, கையெழுத்துப் போடுகிறவரைத் தனியாக உட்கார வைத்து இந்த மூன்றையும் கேளுங்கள் என்று மேடத்தின் கேள்விகளைச் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் சார் என்றார்.

எழுதித்தான் வைத்திருக்கிறார். பங்குனியில் ருக்குவுக்கு அந்த ஒரு ஏக்கரை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கப் போனோம். வரிசையில் நின்று டோக்கன்படியே போனோம். எங்கள் முறை வந்ததும் ருக்குவும் என்னோடு உள்ளே வரப் பார்த்தாள். “அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க,” என்றார் பிரவீன். என்னை உட்கார வைத்து ஒரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்றார். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். யாராவது வற்புறுத்தினார்களா, இன்றைக்கே எதற்கு என்று கேட்டார். வற்புறுத்தல் இல்லை என்றேன். இன்றைக்கே எதற்கு என்பதற்கு, “ரொம்ப லேட் ஆயிருச்சுங்க தம்பி,” என்று மட்டும்தான் சொல்ல வந்தது. இப்போது மை கிடையாது, கண்ணாடி மேல் விரலை வைத்தால் போதும்.

வெளியே வந்தேன். ருக்கு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள என்னங்ணா அவ்வளவு நேரம் கேட்டாங்க?”

சொன்னேன். யாராச்சும் வற்புறுத்துனாங்களான்னு கேட்டாரு, இன்னைக்கே எதுக்குன்னு கேட்டாரு.

அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். “இதெல்லாம் கேப்பாங்களா?” என்றாள். “என்னைய அன்னிக்கு யாருமே கேக்கலீங்களேண்ணா.”

“நான் கேக்க உடல, அம்மணி.”

“தெரியுமுங்ணா,” என்றாள்.